முகஜாடைக்கு வாரிசுச் சான்று கிடையாது

சீன மொழியில் 'நீ' என்றால் நீ. ஆகவே சீன மொழி தமிழிலிருந்து பிறந்தது. இப்படி ஒரு செய்தி மூன்று மாதமாக வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். ஐவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், நாலு எழுத்துப் படித்தவர்கள். ஒருவர் கணக்குப் பிரிவில் இருந்தவர். ரசீது இல்லாமல் பத்து ரூபாய் பில்லைக்கூடப் பாஸ் செய்யாத மனிதர். அவரும் இதை மட்டும் ரசீதே கேட்காமல் பாஸ் செய்து, கீழே மூன்று கைகூப்பும் படங்களையும் போட்டு அனுப்பியிருந்தார்.

பதில் எழுதாமல் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன் நண்பர்களே. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

செய்தியில் பாதி உண்மை. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில், குரலைத் தாழ்த்தி லேசாக ஏற்றி 'நீ' என்று சொன்னால் அது முன்னிலை ஒருமைதான். சந்தேகமே இல்லை. ஆனால் அதே 'நீ'யைக் கேள்வி கேட்பது போல மேலே ஏற்றிச் சொல்லுங்கள், சேறு என்று ஆகிவிடும். மேலிருந்து கீழே சட்டென்று வெட்டி இறக்குங்கள், எதிர்மாறானது என்று பொருள். சேற்றைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் அனுப்பவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். பிரெஞ்சிலும் ஒரு 'நி' உண்டு. 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு 'நி' வரும். 'நி பியேர், நி போல்' என்றால் பியேரும் இல்லை, போலும் இல்லை. சிறுவயதில் திக்தே எழுதும்போது என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு இது பெரிய வேடிக்கை. வாத்தியார் ஒவ்வொருவனையும் சுட்டிக்காட்டி, 'நீ பியேர், நீ போல்' என்று பெயர் வைப்பது போல இருக்கிறது என்பான். சின்னப்பையன் விளையாட்டு அது. எழுபது வயதில் அதையே ஆராய்ச்சி என்று சொன்னால் எப்படி?

இன்னும் கொஞ்சம் சுற்றி வருவோம். டென்மார்க்கில் 'நி' என்றால் ஒன்பது. ஜப்பானில் இரண்டு, அதே ஜப்பானில் நம்முடைய 'கு', 'இல்' உருபுகள் மாதிரி பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'நி' வந்து ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசும் மொழியில் 'நி' என்றால் நாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனே மலையோரத்தில் பாஸ்க் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் எந்த மொழியோடும் ஒட்டாத மொழி அவர்களுடையது. அவர்களுக்கு 'நி' என்றால் நான். அரபு மொழியில் வினைச்சொல்லின் வாலில் 'நீ' என்று ஒட்டினால் 'என்னை' என்று பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ஒருவன் தன் காதலியிடம் 'நினாகுபெண்டா' என்கிறான். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பதுதான் அது. அதில் வரும் 'நி' அவன்; 'கு'தான் அவள்! நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் அங்கே போய் 'நீ' தமிழ்ச்சொல்தானே என்று நினைத்துக்கொண்டால், யார் யாரைக் காதலிப்பது என்பதே தலைகீழாகிவிடும்.

பாஸ்க் கதையைக் கணக்குப் பிரிவு நண்பரிடம் சொன்னேன். சற்றும் அசரவில்லை. "கடல் கடந்து அவ்வளவு தூரம் போகும்போது நீ நானாக மாறியிருக்கும், சார்" என்றார். பொருள் ஒன்றாக இருந்தாலும் தமிழ், எதிராக இருந்தாலும் தமிழ் என்றால் அப்புறம் எதற்குச் சொற்களை ஒப்பிட வேண்டும்? நேராகவே முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமே.

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு குப்பை கொட்டியவன் நான். வாரிசுச் சான்று கேட்டு வந்த மனுக்கள் எத்தனை என் மேசை வழியாகப் போயின என்று கணக்கில்லை. ஒருமுறை ஒருவர், இறந்துபோன ஒரு பெரியவரின் படத்தைக் கொண்டுவந்து தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாருங்க சார், அதே மூக்கு, அதே காது மடல். நான் அவருக்கு மகன் இல்லையென்று யார் சொல்ல முடியும்?" என்றார். மூக்கு உண்மையிலேயே ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிறப்புப் பதிவு எங்கே, தாயின் பெயர் எங்கே, திருமணப் பதிவு எங்கே? எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்து 'எத்தா சிவில்' பதிவேடுகள் இருக்கின்றன. தாத்தா பெயர்வரை தேடி எடுத்துவிடலாம். எதிலும் அவர் இல்லை. முகஜாடை என்று ஒரு கட்டம் எந்த விண்ணப்பத்திலும் கிடையாது. அதே வாரம் வந்த இரண்டு அண்ணன் தம்பிகள் நினைவிருக்கிறார்கள்: ஒருவர் கறுப்பு, உயரம், மற்றவர் சிவப்பு, குள்ளம். ஜாடையே இல்லை. பதிவேட்டில் ஒரே தாய், ஒரே தகப்பன். சான்று போய்விட்டது.

சொற்களுக்கும் பிறப்புப் பதிவேடு உண்டு. பழைய நூல்களும் கல்வெட்டுகளும்தான் அந்தப் பதிவேடு.

சீன 'நீ'யின் பதிவேட்டைப் புரட்டினால் என்ன வருகிறது? கன்பூசியஸ் காலத்துப் பழைய நூல்களில் இந்தச் சொல்லே இல்லை. அங்கே 'நீ' என்பதற்கு வேறு சொற்கள். அவற்றில் ஒன்று இன்றைய உச்சரிப்பில் 'அர்' என்று ஒலிக்கிறது. அந்தச் சொல்லின் பேச்சு வடிவம்தான் பல நூற்றாண்டுகள் கழித்து 'நீ' என்று எழுத்துக்கு வந்தது. தமிழிலிருந்து ஆதியில் போன சொல் என்றால் ஆதி நூல்களில் அல்லவா இருக்க வேண்டும்? அக்கம்பக்கத்துச் சீனக் கிளைமொழிகளையும் பாருங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் உறவினர்கள் தினமும் கேட்கும் ஹொக்கியன் மொழியில் அது 'லி' அல்லது 'லூ'. மலாய்ப் பேச்சில் புழங்கும் 'லூ' அங்கிருந்து வந்ததுதான்.

இதைவிட ருசியான கதை ஸ்வீடனில் இருக்கிறது. அங்கேயும் 'நி' என்றால் முன்னிலைதான். 'நீங்கள்' என்று பொருள். ஃபார்வர்ட் எழுதியவருக்கு இது தெரியாமல் போனது நம் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஸ்டாக்ஹோமும் தமிழூர் ஆகியிருக்கும். ஆனால் இந்தச் சொல் பிறந்த விதம் தெள்ளத் தெளிவாகத் தெரியும். பழைய ஸ்வீடிஷில் 'நீங்கள்' என்பதற்குச் சொல் வெறும் 'இ'தான். அதற்கு முன்னால் வரும் வினைச்சொல் 'ன்' என்று முடியும். 'ஹாவன் இ' என்று சேர்த்துச் சொல்லிச் சொல்லி, வினையின் வாலில் இருந்த 'ன்' நழுவி அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது. 'நி' ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டை ஒட்டி நடந்த காரியம். இங்கிலீஷில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பிரெஞ்சிலிருந்து போன 'நாப்பரோன்' அங்கே 'எ நேப்ரன்' என்று இருந்து, 'ன்' முன்னால் இருந்த 'எ'யோடு போய் ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. அடுப்படியில் கட்டிக்கொள்ளும் அந்த ஏப்ரன்தான். ஒரு 'ன்' இடம் மாறியதால் பிறந்த சொல்லைக் கொண்டுபோய் லெமூரியாவில் பதிவு செய்ய முடியுமா?

ஸ்வீடன் வரை வந்துவிட்டோம், அங்கே இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போகலாம். 'நீங்கள்' என்று பொருள்படும் அந்த 'நி', மரியாதைச் சொல்லாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஒரு காலத்தில் பெரிய மனிதரிடம் 'நி' என்றால் கோபம் வரும். பட்டத்தைச் சொல்லித்தான் பேச வேண்டும். 'டாக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?' என்று எதிரே இருப்பவரையே படர்க்கையில் கேட்பார்கள். பட்டம் எதுவும் இல்லாதவனிடம்தான் மேலிருந்து கீழாக 'நி' வரும். 1967இல் அந்த நாட்டு மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட் என்பவர், இனி தன் அலுவலகத்தில் எல்லோரையும் 'து' என்றே, அதாவது நம் 'நீ' போல, கூப்பிடப் போவதாகவும் எல்லோரும் தன்னையும் அப்படியே கூப்பிடலாம் என்றும் சொன்னார். அதற்கு முன்பே மெல்ல மாறிக்கொண்டிருந்த வழக்கம், அதன் பிறகு வேகம் பிடித்து நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நம் 'நீ'யின் நிலவரம் என்ன? சங்கப் புலவன் அரசனை 'நீ' என்றான், அரசன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் கடவுளை 'நீ' என்றார்கள். அம்மாவை 'நீ' என்கிறோம், அப்பாவை 'நீங்க' என்கிறோம். இதே சொல் அலுவலக ஜன்னலில் என்ன ஆகிறது? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், வேட்டி வெளுப்பாக இருந்தால் 'வாங்க சார்', அழுக்காக இருந்தால் 'நீ ஓரமா நில்லு' என்பார். முதியோர் உதவித்தொகைக்கு வந்த எழுபத்தைந்து வயது அம்மாளிடம், "நீ நாளைக்கு வா, போ" என்றார். அவர் வயது அப்போது முப்பது. அந்த அம்மாள் பதிலுக்கு அவரை, "சரிங்க சாமி" என்றது. எங்களுக்குப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தது, முன்பின் தெரியாதவர் யாராக இருந்தாலும் 'வூ', அதாவது நீங்கள், என்பதுதான். (அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்களா என்பது வேறு விஷயம். காலனிகளில் வெள்ளைக்காரத் துரைமார் உள்ளூர்க்காரரை 'த்யு' என்று ஏகவசனத்தில் விளித்த கதையெல்லாம் எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.) 'நீ' என்ற சொல்லைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு, பெய்ஜிங் போகாமலே பேச வேண்டியது இங்கே இவ்வளவு இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவ்வளவு தூரத்து மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே பொருள் எப்படி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இது கணக்கு, நம் கணக்குப் பிரிவு நண்பருக்கே போட்டுக் காட்டினேன். உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள். மனித வாய் சுலபமாகச் சொல்லும் மெய்கள் ஒரு 12, உயிர்கள் 5 என்று வைத்துக்கொள்வோம். 60 ஓரசைச் சொற்கள் கிடைக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மொழிக்கும் 'நீ' என்ற பொருளுக்கு ஒரு சீட்டு எடுத்தால், நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு 'நீ' என்ற சீட்டே விழும். எல்லா மொழியிலும் அது ஓரசைச் சொல் இல்லை, பல மொழிகள் ஒன்றுக்கொன்று உறவு என்றெல்லாம் கழித்தாலும், முக்கால் பங்கைத் தள்ளினாலும், இருபது முப்பது மொழிகள் மிஞ்சும். அத்தனையும் தற்செயல். லாட்டரியில் யாருக்கோ பரிசு விழத்தான் செய்யும். விழுந்தவர் எல்லாம் லாட்டரிக் கடைக்காரரின் சொந்தக்காரர் ஆகமாட்டார்.

தற்செயலுக்குப் பெரிய சாட்சி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. இங்கிலீஷ்காரன் கொடுத்ததில்லை, பக்கத்து மொழிகளில் 'குடகா' என்று இருக்கும் சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, இங்கிலீஷில் 'பேட்' என்றாலும் கெட்டது. அந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

உடனே, 'கொரியாவில் அம்மா அப்பா இருக்கிறதே' என்று கையைத் தூக்குவார்கள். இருக்கிறது. குழந்தை முதலில் சொல்லக் கூடிய ஒலிகள் உதடு மூடித் திறக்கும் ம, ப, ப்ப. அது எதையோ சொல்ல, பெற்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியறிஞர் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதனால்தான் சம்பந்தமே இல்லாத மொழிகளில் எல்லாம் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு 'தேதா'. அங்கே குழந்தை கொஞ்சம் முன்பின்னாகச் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே புத்தகம் எழுதினார். ஜப்பானில் சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் ஜப்பானியத்தையும் தமிழையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் உழைத்தார். இவர்களை நான் ஃபார்வர்ட்காரர்களோடு சேர்க்கமாட்டேன். தமிழைப் படித்தார்கள், தங்கள் சான்றுகளை அச்சில் வைத்தார்கள், மற்றவர்கள் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தார்கள். பெரும்பாலான மொழியறிஞர்கள் சோதித்துப் பார்த்துப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். முறையாக மனுப் போட்டு முறையாகத் தள்ளுபடி ஆனது அது. இங்கே மனுவே போடாமல் சான்றிதழ் அச்சடித்து ஊருக்கு விநியோகிக்கிறார்கள்.

ஜாடை இல்லாத அண்ணன் தம்பிகள் மொழியிலும் உண்டு என்பதைப் பிரெஞ்சு படித்த எங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லத்தீனில் தண்ணீருக்கு 'அக்வா'. அதன் நேர் வாரிசு பிரெஞ்சில் 'ஓ'. அக்வாவில் இருந்த ஒரு ஒலிகூட 'ஓ'வில் மிச்சமில்லை. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயரால் வந்த மாதம் இங்கிலீஷில் ஆகஸ்டு. பிரெஞ்சில் 'ஊத்', பலர் வாயில் வெறும் 'ஊ'. 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்தத் தேதியைப் பழைய ஆட்கள் 'செஸ் ஊத்' என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஜாடை பார்த்து முடிவெடுத்தால் 'ஊ'வுக்கு அகஸ்டஸ் சொத்தில் காலணா கிடைக்காது. சமஸ்கிருதத்தின் சக்கரமும் இங்கிலீஷின் வீலும் உடன்பிறந்தவை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அவை உடன்பிறந்தவைதான்.

அப்படியானால் உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரு சொல் ஒத்துப்போவதில் அல்ல, ஒரே மாதிரியான மாற்றம் வரிசையாக வருவதில். நம் பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆகும். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூவு, பெண் ஹெண்ணு. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் செவி அங்கே கிவி; நம் சிறிய அங்கே கிரிய. ஒன்று தெரிந்தால் அடுத்ததை ஊகித்துவிடலாம். இந்த ஒழுங்குதான் பதிவேடு. தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம், சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று 1816இல் எழுதிய எல்லிஸ் யார் தெரியுமா? சென்னையின் கலெக்டர். வருவாய்த் துறைக்காரர்! எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். நாற்பது ஆண்டு கழித்து, 1856இல், கால்டுவெல் அதை விரிவாக நிலைநாட்டினார்.

'இவ்வளவு கோபம் எதற்கு, தமிழைப் பெருமையாகத்தானே சொல்கிறார்கள்' என்று என் மனைவியே கேட்டாள். எதற்கு என்று சொல்கிறேன். நண்பர் ஒருவரின் பேரன் வடக்கே ஒரு கல்லூரியில் சேர்ந்தான். தாத்தா அனுப்பிய செய்தியை நம்பி, விடுதியில் பலமொழிப் பையன்கள் நடுவே, சீன மொழி தமிழிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறான். அங்கே மாண்டரின் படித்த ஒரு பையன் பத்து நிமிடத்தில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டான். ஒரு வருடம் அவனுக்குப் 'பெய்ஜிங் தமிழன்' என்று பட்டப்பெயர். அது போகட்டும், பட்டப்பெயர் யாருக்குத்தான் இல்லை. லீவுக்கு வந்தவனிடம் அரிக்கமேட்டைப் பற்றி நான் சொல்லப்போக, அவன் சிரித்தான். 'இதுவும் வாட்ஸப்பா தாத்தா?' என்றான்.

அரிக்கமேடு வாட்ஸப் இல்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே ஆற்றோரம் இருக்கிறது, சைக்கிளில் போய்விடலாம். 1945இல் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மதுரைப் பக்கம் மாங்குளத்துக் குகையில் நெடுஞ்செழியன் பெயர் பாறையில் வெட்டியிருக்கிறது, ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக. ஐராவதம் மகாதேவன், அவரும் ஒரு காலத்தில் அரசு அதிகாரிதான், குகை குகையாக ஏறி இறங்கி எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து 2003இல் பெரிய நூலாக வெளியிட்டார். இவ்வளவு பேர் வெயிலில் நின்று சேர்த்த அசல் பத்திரத்தின் நடுவே நாம் கள்ளப் பத்திரத்தைச் செருகி வைக்கிறோம். கட்டில் ஒன்று கள்ளம் என்று தெரிந்தால் அதிகாரி என்ன செய்வார்? முழுக் கட்டையும் தூக்கி ஓரமாக வைப்பார். அந்தப் பையன் அதைத்தான் செய்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழிலிருந்து வெளியே போன சொற்கள் இல்லையா என்றால், ரசீதோடு இருக்கின்றன. பிரெஞ்சில் மாம்பழத்துக்கு 'மாங்க்'. நம் பக்கத்து மாங்காய், போர்த்துகீசியர் வாயில் 'மங்கா' ஆகி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. வெட்டிவேர் அப்படியே 'வெத்திவேர்' ஆகி பாரிசின் வாசனைத் தைலப் புட்டிகளில் இருக்கிறது. கட்டுமரம் 'கத்தமரான்'. சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறியது, யார் ஏற்றிச் சென்றார்கள், எந்தப் பயணியின் குறிப்பில் முதலில் வருகிறது என்றெல்லாம் பின்தொடர்ந்து போகலாம்.

பெருமைக் கணக்கு எழுதுகிறவர்கள் இன்னொரு சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். 'பாரியா'. சமூகத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று பிரெஞ்சு அகராதியில் இருக்கிறது. பறையர் என்ற நம் மக்களின் பெயர் அது. பெர்னார்தன் த சேன்-பியேர் 1791இல் வெளியிட்ட கதையில் ஒரு பாரியா வருகிறார். வகுப்பில் அந்தச் சொல் வந்த நாளில் எங்களில் சில பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேறு சிலர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பறை என்ற தோல்கருவியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் ஒரு பெயரை உலகம் முழுக்க வசைச்சொல்லாக்கி அனுப்பியதில் வாங்கியவனுக்குப் பங்கு உண்டு, கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு. இது ஏன் ஒரு ஃபார்வர்டிலும் வருவதில்லை?

கடைசியாக, 'நீ'க்கு உண்மையான வாரிசுகள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் நீ. கன்னடத்தில் நீனு. தெலுங்கில் நீவு, பேச்சில் நுவ்வு. ஜார்க்கண்ட் காடுகளில் குடுக் மொழி பேசும் ஒராவோன் மக்களுக்கு நீன். மங்களூர்ப் பக்கத்துத் துளுவில் 'ந்' உதிர்ந்து வெறும் ஈ. ஒடிசாவின் குயி மொழியில் ஈனு. முதலெழுத்தே போனாலும் உறவு போகவில்லை, மற்ற சொற்கள் வரிசையாக வந்து சாட்சி சொல்கின்றன.

இவர்களில் மிகத் தொலைவில் இருப்பவர்கள் பாகிஸ்தானின் பலுச்சிஸ்தானில் இருக்கிறார்கள். பிராகூயி என்பது அவர்கள் மொழி. சுற்றிலும் பலுச்சி, பஷ்தோ. பாரசீகமும் அரபும் உள்ளே புகுந்து மேலெல்லாம் மூடிவிட்டன. எண்களில்கூட மூன்றுக்கு மேல் சொந்தச் சொல் இல்லை; நான்கிலிருந்து பாரசீகம்தான். ஆனால் ஒன்று அசிட், இரண்டு இரட், மூன்று முசிட். கண் அங்கே 'ஃகன்', கல் 'ஃகல்'; நம் ககரம் அங்கே தொண்டையில் உரசிக்கொண்டு வரும். வாய் 'பா', வருவது 'பர்'. நம் வகரம் அங்கே பகரம். பிராகூயிக்காரர் 'ஈ' என்றால் நான் என்று பொருள். நம் துளுக்காரருக்கு அதே 'ஈ' நீ. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படி என்பதைப் பெய்ஜிங் நண்பர்கள் கவனிக்கவும். எதிரே நிற்பவனை அவர் 'நீ' என்கிறார். பலர் நின்றால் 'நும்' என்கிறார். 'நும்' என்ற அந்தச் சொல்லை நம்மில் யாரும் இன்று பேசுவதில்லை; சங்க நூலைத் திறந்தால்தான் பார்க்கலாம். அங்கே ஆடு மேய்க்கிறவர் இன்று காலையிலும் அதைச் சொல்லியிருப்பார்.

இதை யாராவது ஃபார்வர்டாகச் செய்து அனுப்புங்கள். நானே இருபது பேருக்கு அனுப்புகிறேன்.